சொல்லும் சபையும்: சேலம் கிராமத் திருச்சபையில் புறங்கூறலும் பிளவும் (1672–1712)

ஆய்வுச் சுருக்கம்

வட அமெரிக்காவின் மாசசூசெட்ஸ் குடியேற்றத்தில் 1692ஆம் ஆண்டு நிகழ்ந்த சூனிய வழக்குகள் மூடநம்பிக்கையின் விளைவாகவே பெரும்பாலும் விளக்கப்படுகின்றன. அவ்வழக்குகள் தோன்றிய சேலம் கிராமம் அதற்கு முன் 20 ஆண்டுகள் உட்பூசலால் பிளவுண்டு கிடந்த ஒரு கிறித்தவச் சமூகம். புறங்கூறலைத் தடுப்பதற்கான தெளிவான ஒழுங்குமுறை அச்சமூகத்தின் திருச்சபையிடம் இருந்தது. இருந்தும் அது கைவிடப்பட்டது. அது எவ்வாறு கைவிடப்பட்டது என்பதையும், முறிந்த உறவுகள் பின்னர் எவ்வழியில் சீரமைக்கப்பட்டன என்பதையும் ரெபேக்கா நர்ஸ் என்னும் மூதாட்டியின் வழக்கை நடுவாகக் கொண்டு இக்கட்டுரை ஆராய்கிறது.

திறவுச்சொற்கள்: புறங்கூறல், சபை ஒழுங்கு, உடன்படிக்கை, சேலம், ரெபேக்கா நர்ஸ், ஒப்புரவு.

முன்னுரை

புறங்கூறலைத் தனியொரு குற்றமாகக் கருதும் மரபு தமிழுக்கு உண்டு. திருக்குறளின் 19ஆம் அதிகாரம் 'புறங்கூறாமை' என்னும் தலைப்புடையது; இல்லறவியலில் அது வைக்கப்பட்டிருப்பது, சேர்ந்து வாழ்வோரின் அறமாக அதனை வள்ளுவர் கண்டார் என்பதைக் காட்டும். ஒருவர் எதிரில் இல்லாதபோது அவரைப் பற்றிப் பேசுவது என்பதே 'புறம்' என்னும் சொல்லின் குறிப்பு. பேசப்படுபவர் அவ்விடத்தில் இல்லாமையால் அச்சொல்லுக்கு மறுமொழியும் இல்லாமற் போகிறது.

விவிலியமும் இக்குற்றத்தைக் கடுமையாகவே நோக்குகிறது. லேவியராகமம் 19ஆம் அதிகாரத்தின் 16ஆம் வசனம், கோள் சொல்லித் திரிவதையும் பிறனுடைய இரத்தத்திற்கு எதிராக நிற்பதையும் ஒரே கட்டளையில் விலக்குகிறது. விறகு தீர்ந்தால் நெருப்பு அவிவதுபோலக் கோள்காரன் இல்லாவிடத்தில் சண்டை அடங்கும் என்பது நீதிமொழிகள் 26ஆம் அதிகாரத்தின் கருத்து. கொரிந்தியருக்கு எழுதிய இரண்டாம் நிருபத்தின் 12ஆம் அதிகாரத்தில் பவுல், சபையைச் சிதைக்கும் தீமைகளை வரிசைப்படுத்துகையில் வாக்குவாதம், பொறாமை ஆகியவற்றோடு புறங்கூறலையும் கோளையும் சேர்த்தே எண்ணுகிறார். பிசாசைக் குறிக்கப் புதிய ஏற்பாடு வழங்கும் 'தியாபொலொஸ்' என்னும் கிரேக்கச் சொல்லுக்கே 'அவதூறு செய்பவன்' என்பது பொருள். தீமோத்தேயுவுக்கு எழுதிய முதல் நிருபத்தின் 3ஆம் அதிகாரத்தில் அதே சொல் அவதூறு பேசும் மனிதரைச் சுட்டவும் வருகிறது.

இப்போதனைகள் அனைத்தையும் அறிந்திருந்த ஒரு சமூகம் தன் உறுப்பினரையே தூக்குமேடைக்கு அனுப்பிய வரலாறு, போதனைக்கும் நடைமுறைக்கும் இடையிலான தொலைவை அளந்தறிய உதவும்.

சேலம்: பெயரும் உடன்படிக்கையும்

இங்குக் குறிக்கப்படும் சேலம், தமிழகத்து நகரம் அன்று. பாஸ்டனுக்கு வடக்கே, மாசசூசெட்ஸ் கடற்கரையில் அமைந்த துறைமுக நகரம். 'நௌம்கீக்' என்னும் பூர்வகுடிப் பெயரை மாற்றி, சமாதானம் என்னும் பொருள்தரும் எபிரேயப் பெயரைக் குடியேறிகள் அதற்கு இட்டனர். இவர்கள் பியூரிட்டன் எனப்பட்ட தூய்மைவாதக் கிறித்தவர். திருச்சபை என்பது பிறப்பால் அமைவதன்று, மனமுவந்து செய்துகொள்ளும் உடன்படிக்கையால் அமைவது என்பது அவர்களது கொள்கை.

சேலம் நகரத் திருச்சபை 1636இல் புதுப்பித்துக்கொண்ட உடன்படிக்கை இவ்வகையில் குறிப்பிடத்தக்கது. ஒருவரையொருவர் விழிப்போடும் கனிவோடும் பேணுவதாகவும், பொறாமை, ஐயம், புறங்கூறல், பழிதூற்றல் ஆகியவற்றைத் தவிர்ப்பதாகவும் அதன் உறுப்பினர் எழுத்து மூலம் உறுதி கூறினர். சபையின் அமைதிக்குப் புறங்கூறல் ஊறு செய்யும் என்பதை அவர்கள் தொடக்கத்திலேயே உணர்ந்திருந்தனர் என்பதற்கு இதுவே சான்று.

குற்றம் கண்டவிடத்துச் செய்ய வேண்டியது இன்னது என்பதிலும் ஐயம் இருக்கவில்லை. நியூ இங்கிலாந்துத் திருச்சபைகளின் ஆட்சிமுறையை வகுத்த 1648ஆம் ஆண்டின் கேம்பிரிட்ஜ் ஒழுங்குமுறை, மத்தேயு 18ஆம் அதிகாரம் காட்டும் படிநிலைகளைப் பின்பற்றியது. குற்றம் செய்தவரை முதலில் தனியே சந்தித்து உணர்த்த வேண்டும். அவர் கேளாவிடின் ஓரிருவரை உடனழைத்துச் செல்ல வேண்டும். அதற்கும் இணங்காதபோதே சபைக்கு அறிவிக்க வேண்டும். குற்றம் சாட்டுபவர் சாட்டப்படுபவரின் முகத்தை நோக்கிப் பேச வேண்டும் என்பதே இம்மூன்று படிகளுக்கும் பொதுவான விதி.

கிராமத்தின் பிளவு

நகரத்திற்கு மேற்கே வேளாண் குடும்பங்கள் வாழ்ந்த பகுதி 'சேலம் கிராமம்' எனப்பட்டது. இன்றைய டான்வர்ஸ் நகரமே அது. தமக்கெனப் போதகரை அமர்த்திக்கொள்ளும் உரிமையை இக்கிராமத்தார் 1672இல் பெற்றனர். ஆயினும் போதகர் எவரும் அங்கு நிலைக்கவில்லை. ஜேம்ஸ் பெய்லி, ஜார்ஜ் பர்ரோஸ், டியோடட் லாசன் ஆகிய மூவரும் ஒருவர்பின் ஒருவராக வந்து நீங்கினர். பர்ரோஸுக்கு ஊதியம் கொடுக்கப்படவில்லை; 1683இல் கணக்குத் தீர்க்கத் திரும்பி வந்தவர், தம் மனைவியின் இறுதிச் சடங்குச் செலவையொட்டிய கடனுக்காகச் சிறைப்பிடிக்கப்பட்டார்.

நான்காவதாக வந்த சாமுவேல் பாரிஸ் 1689 நவம்பர் 19 அன்று குருப்பட்டம் பெற்றார். அன்றே கிராமத்தில் தனித் திருச்சபை ஒன்றும் நிறுவப்பட்டது. ஆனால் போதகருக்குரிய வீட்டையும் நிலத்தையும் அவர் பெயருக்கே எழுதிக் கொடுத்தது முறையா என்னும் வழக்கும், ஊதியமும் விறகும் பற்றிய பூசலும் விரைவில் எழுந்தன. 1691 அக்டோபரில் தேர்ந்தெடுக்கப்பட்ட கிராமக் குழு, பாரிஸின் ஊதியத்திற்குரிய வரியை விதிக்க மறுத்தது. அக்குழுவில் ரெபேக்கா நர்ஸின் கணவர் பிரான்சிஸ் நர்ஸும் ஒருவர். பாரிஸின் பக்கம் நின்றோருள் புட்னம் குடும்பத்தார் முதன்மையானவர். அக்குடும்பத்திற்கும் ரெபேக்கா பிறந்த டவுன் குடும்பத்திற்கும் டாப்ஸ்ஃபீல்டு எல்லை நிலம் குறித்த பகை முன்னரே இருந்தது.

இப்பிளவே வழக்குகளுக்கு அடிப்படை என்று பால் போயர், ஸ்டீபன் நிசன்பாம் ஆகியோர் 1974இல் வாதிட்டனர். சொத்துரிமை பெற்ற பெண்கள் இலக்கானதைக் கேரல் கார்ல்சன் 1987இலும், எல்லைப்புறப் போரின் அச்சத்தை மேரி பெத் நார்ட்டன் 2002இலும் முன்னிறுத்தினர். இக்காரணங்கள் ஒன்றையொன்று விலக்குவன அல்ல. நிலப்பகை, போர் அச்சம், ஊதியப் பூசல் ஆகிய ஒவ்வொன்றும் ஒரு குறிப்பிட்ட மனிதர்மீதான குற்றச்சாட்டாக உருமாறுவதற்கு அம்மனிதரைப் பற்றிய பேச்சு தேவைப்பட்டது.

பேச்சு சாட்சியமான விதம்

1692 ஜனவரியில் பாரிஸின் மகளும், அவர் வீட்டில் வாழ்ந்த அபிகாயில் வில்லியம்ஸ் என்னும் சிறுமியும் விளங்காத நோயால் துன்புற்றனர். பிப்ரவரி 29 அன்று சாரா குட், சாரா ஆஸ்பர்ன், பாரிஸ் வீட்டின் அடிமைப் பெண் டிட்டூபா ஆகிய மூவர்மீது பிடியாணை பிறந்தது. விசாரணையில் டிட்டூபா குற்றத்தை ஒப்புக்கொண்டதோடு, சாத்தானின் புத்தகத்தில் ஒன்பது அடையாளங்களைக் கண்டதாகவும் கூறினார். அவற்றுள் பலவற்றுக்கு உரியவர் எவர் எனச் சொல்லப்படவில்லை. அவ்வெற்றிடத்தை நிரப்புவதற்கு ஊரார் நெடுநாளாக ஒருவரைப் பற்றி ஒருவர் பேசிவந்த செய்திகள் பயன்பட்டன.

நீதிமன்றத்தில் இருவகைச் சாட்சியங்கள் முன்வைக்கப்பட்டன. குற்றஞ்சாட்டப்பட்டவரின் உருவில் ஆவி வந்து துன்புறுத்தியது என்பது ஒன்று; இது ஆவியுருச் சாட்சியம் எனப்பட்டது. அண்டை வீட்டார் பல ஆண்டுகளாக மனத்தில் வைத்திருந்த கதைகள் மற்றொன்று. ரெபேக்கா நர்ஸுக்கு எதிராகச் சாரா ஹோல்டன் என்னும் கைம்பெண் கூறிய கதை இத்தகையது. ஹோல்டன் வீட்டுப் பன்றிகள் தம் நிலத்தில் புகுந்ததற்காக ரெபேக்கா கடிந்து பேசினார் என்பதும், அதன்பின் ஹோல்டனின் கணவர் நோயுற்று இறந்தார் என்பதும் அதன் சாரம். வேலியோரச் சச்சரவு ஒன்று, பலமுறை சொல்லப்பட்டதால் கொலைக்குற்றத்தின் சான்றாக வளர்ந்தது.

எலிசபெத் ஹௌவின் வழக்கு இன்னும் தெளிவான விளக்கம் தருவது. அவர்மீது ஏறத்தாழப் பத்தாண்டுகளாக வதந்தி நிலவியது. பெர்லி குடும்பத்துச் சிறுமி ஒருத்தியின் நோய்க்கு அவரே காரணம் என்று பேசப்பட்டதால் இப்ஸ்விச் திருச்சபையில் அவர் உறுப்பினராவதும் தடைப்பட்டது. ரௌலி ஊர்ப் போதகர்களான சாமுவேல் பிலிப்ஸ், எட்வர்டு பேசன் ஆகிய இருவரும் அச்சிறுமியை நேரில் சந்தித்து உண்மை அறிந்தவர்கள். ஹௌ தனக்குத் தீங்கு செய்ததில்லை என்றே சிறுமி அவர் முன்னிலையில் கூறினாள். அவ்வேளையில் அவளுடைய தமையன் மாடிச் சன்னலிலிருந்து, ஹௌவைச் சூனியக்காரி என்று சொல்லுமாறு தூண்டியும் அவள் வாய் திறக்கவில்லை. வீட்டார் ஹௌவின் பெயரையே சிறுமியின் செவியில் விழுமாறு பேசிவந்ததால்தான் நோயின் மயக்கத்தில் அப்பெயரை அவள் சொல்லியிருக்கக் கூடும் என்று பிலிப்ஸ் சாட்சியமளித்தார். வதந்தி எவ்வாறு தனக்குரிய சான்றைத் தானே உண்டாக்கிக்கொள்கிறது என்பதை அக்காலத்தவரே உணர்ந்திருந்தனர் என்பது இதனால் விளங்கும். ஆயினும் 1692 ஜூலை 19 அன்று எலிசபெத் ஹௌ தூக்கிலிடப்பட்டார்.

ஒரே ஞாயிறு, இருவேறு முறைகள்

சபை ஒழுங்கு அக்காலத்தில் வழக்கொழிந்துவிட்டது என்று கருத இடமில்லை. 1692 மார்ச் 27ஆம் நாள் ஞாயிறன்று சேலம் கிராமத் திருச்சபையில் நிகழ்ந்தவை அதனை மறுக்கின்றன.

மேரி சிப்லி என்னும் சபை உறுப்பினர், நோயுற்ற சிறுமியரின் சிறுநீரைக் கம்பு போன்ற ரை தானிய மாவில் கலந்து அப்பம் சுட்டு நாய்க்கு இடும் மாந்திரீக முறையைப் பாரிஸ் வீட்டு அடிமைகளுக்குச் சொல்லிக்கொடுத்திருந்தார். சபையின் பார்வையில் இது உண்மையாகவே ஒரு குற்றம். பாரிஸ் அவரை முதலில் தனியே அழைத்துப் பேசினார். பின்னர் ஞாயிறன்று சபையின் முன் குற்றம் எடுத்துரைக்கப்பட்டது. சிப்லி தம் பிழையை ஒப்புக்கொண்டு வருந்தினார். சபையார் கையுயர்த்தி அவரை ஏற்றுக்கொண்டனர். மத்தேயு காட்டும் வழி பின்பற்றப்பட்டவிடத்து, மெய்யான குற்றமும் சபையைப் பிளக்காமல் தீர்ந்தது.

அதே நாளில் பாரிஸ் யோவான் 6ஆம் அதிகாரத்தின் 70ஆம் வசனத்தை எடுத்துப் பிரசங்கித்தார். பன்னிருவருள் ஒருவன் பிசாசு என்று இயேசு கூறும் பகுதி அது. ரெபேக்கா நர்ஸ் கைதாகி மூன்று நாள்களே ஆகியிருந்தன. அவருடைய தங்கை சாரா கிளாய்ஸ் ஆராதனைக் கூடத்தை விட்டு எழுந்து வெளியேறினார். கதவு அவருக்குப் பின்னே உரக்க அறைந்து மூடியது. அவர் ஏன் வெளியேறினார் என்று அவரைத் தனியே சந்தித்துக் கேட்டதாகச் சபைப் பதிவு எதுவும் சொல்லவில்லை. கதவின் ஓசை ஊர்ப்பேச்சானது. ஏப்ரல் 8 அன்று அவர்மீதும் பிடியாணை பிறந்தது.

ரெபேக்காவுக்கும் இவ்வாறே நேர்ந்தது. அப்போது அவருக்கு வயது 71; நோயுற்றுப் படுக்கையில் இருந்தார். கைதுக்கு முன் இஸ்ரேல் போர்ட்டர், அவர் மனைவி எலிசபெத் முதலியோர் அவர் இல்லம் சென்று கண்டதைப் பதிவு செய்துள்ளனர். எலிசபெத் போர்ட்டர், விசாரணை நடுவர்களுள் ஒருவரான ஜான் ஹாதோர்னின் உடன்பிறந்தவர். பாரிஸ் வீட்டாரின் துன்பத்தை ரெபேக்காவே முதலில் வினவி, அவர்களுக்காக வருந்தினார். பேசப்படுவோருள் சிலர் தம்மைப் போலவே குற்றமற்றவர் எனத் தாம் நம்புவதாகவும் கூறினார். அவர் பெயரும் பேசப்படுகிறது என்று வந்தவர்கள் அப்போது தெரிவித்தனர். சிறிது நேரம் திகைத்திருந்த அவர், தேவசித்தம் எதுவோ அதுவே ஆகட்டும் என்றார். முதுமையில் இத்துன்பம் தம்மேல் வருவதற்குத் தாம் மனந்திரும்பாத எந்தப் பாவத்தை இறைவன் கண்டாரோ என்றும் வருந்தினார். ஊர் முழுதும் பரவியிருந்த சொல் உரியவரை வந்தடைந்தது அப்போதுதான்.

அவருக்காக 39 பேர் கையெழுத்திட்டு விண்ணப்பம் அளித்தனர். பிடியாணைக்கு முறையிட்ட இருவருள் ஒருவரான ஜொனத்தன் புட்னமும் அவர்களுள் இருந்தார். ஜூன் இறுதியில் நடந்த வழக்கில் நடுவர் குழு முதலில் அவர் குற்றமற்றவர் என்றே தீர்ப்பளித்தது. தலைமை நீதிபதி வில்லியம் ஸ்டௌட்டன், மற்றொரு கைதியைக் குறித்து ரெபேக்கா சொன்ன ஒரு சொல்லைச் சுட்டி மீண்டும் எண்ணிப் பார்க்குமாறு கூறினார். உடன் சிறையில் இருந்தவர் என்னும் பொருளிலேயே ரெபேக்கா அதனைச் சொல்லியிருந்தார். உடன் சூனியம் செய்தவர் என்று அது கொள்ளப்பட்டது. விளக்கம் கேட்கப்பட்டபோது, செவிப்புலன் குன்றியிருந்த அம்மூதாட்டி மறுமொழி கூறவில்லை. தீர்ப்பு மாறியது.

ஜூலை 3 அன்று சேலம் நகரத் திருச்சபை அவரைச் சபையிலிருந்து நீக்கியது. ஐயத்தையும் புறங்கூறலையும் தவிர்ப்பதாக 1636இல் உறுதி கூறிய சபை அதுவே. ஜூலை 19 அன்று அவர் தூக்கிலிடப்பட்டார். மற்றொரு தங்கையான மேரி ஈஸ்டி செப்டம்பர் 22 அன்று அதே முடிவை அடைந்தார். அவ்வாண்டில் 19 பேர் தூக்கிலிடப்பட்டனர். கைல்ஸ் கோரி என்னும் முதியவர் பாறைகளால் அழுத்திக் கொல்லப்பட்டார். குறைந்தது ஐவர் சிறையில் மாண்டனர். தூக்கிலிடப்பட்டோருள் முன்னாள் போதகர் ஜார்ஜ் பர்ரோஸும் ஒருவர்.

விழிப்பும் கனிவும்

1636ஆம் ஆண்டின் உடன்படிக்கை விழிப்பையும் கனிவையும் இணைத்தே கேட்டது. ஒருவர் மற்றவரின் ஆன்ம நலனைக் கண்காணிப்பது பியூரிட்டன் சபைகளில் கடமையாகவே கருதப்பட்டது. பகை முற்றிய கிராமத்தில் கனிவு மறைந்து கண்காணிப்பு மட்டும் எஞ்சியபோது, அக்கடமையே புறங்கூறலுக்குப் பக்தியின் போர்வையை அளித்தது. பிசாசைத் தேடி வெளியேற்றுவதாக எண்ணியவர்கள், 'தியாபொலொஸ்' என்னும் சொல் குறிக்கும் அவதூற்றுத் தொழிலைத் தாமே மேற்கொண்டனர் என்பது இவ்வரலாற்றின் ஆழ்ந்த முரண்.

எல்லாக் குருமாரும் இதற்கு உடன்பட்டனர் என்பதும் சரியன்று. பாஸ்டன் பகுதிப் போதகர்கள் 1692 ஜூன் 15 அன்று அளித்த அறிக்கையில் ஆவியுருச் சாட்சியம் குறித்து எச்சரித்தனர். எனினும் குற்றவாளிகளை விரைந்து தண்டிக்கவும் அதே அறிக்கை ஊக்கியது. இன்கிரீஸ் மாதர் அக்டோபரில் அத்தகைய சாட்சியத்தை வெளிப்படையாக எதிர்த்தார். ஆளுநர் வில்லியம் பிப்ஸ் அம்மாத இறுதியில் சிறப்பு நீதிமன்றத்தைக் கலைத்தார். ஆவியுருச் சாட்சியம் ஏற்கப்படாத 1693ஆம் ஆண்டின் வழக்குகளில் பெரும்பாலோர் விடுதலை பெற்றனர்.

ஒப்புரவின் பாதை

வழக்குகள் முடிந்தும் பிளவு தீரவில்லை. நர்ஸ் குடும்பத்தார் பாரிஸின் கையால் திருவிருந்து பெற மறுத்தனர். பாரிஸ் 1694 நவம்பரில் தம் பிழைகள் சிலவற்றை ஒப்புக்கொண்டு அமைதிக்கான உரை ஒன்றைச் சபையில் படித்தார். அது போதுமானதாகக் கொள்ளப்படவில்லை. இறுதியில் அவர் பதவி விலகினார்.

பொது நிலையில், 1697 ஜனவரி 14 அன்று கடைப்பிடிக்கப்பட்ட நோன்பு நாளில் நீதிபதி சாமுவேல் சூவால் பாஸ்டன் தென் திருச்சபையில் எழுந்து நிற்க, அவருடைய குற்ற ஒப்புதலைப் போதகர் படித்தார். நடுவர் குழுவினர் 12 பேரும் மன்னிப்புக் கோரி எழுதினர். கிராமத்தில் 1698இல் போதகரான இளைஞர் ஜோசப் கிரீன், சபையை விட்டு விலகியிருந்த நர்ஸ் உறவினரை மீண்டும் திருவிருந்துக்கு அழைத்து வந்தார். பகைகொண்ட குடும்பத்தார் ஆராதனைக் கூடத்தில் அருகருகே அமருமாறு இருக்கைகளையும் மாற்றியமைத்தார்.

1706 ஆகஸ்ட் 25 அன்று ஆன் புட்னம் சபையில் எழுந்து நின்றார். வழக்குகளின்போது 12 வயதுச் சிறுமியாக இருந்து பலரைக் குற்றஞ்சாட்டியவர் அவர். மாசற்றோரின் இரத்தப்பழிக்குத் தாமும் காரணமானதை அவர் ஒப்புக்கொண்டதைக் கிரீன் படித்தார். ரெபேக்கா நர்ஸையும் அவருடைய தங்கையர் இருவரையும் தனித்துச் சுட்டி, அவர்தம் உறவினரிடம் அவர் மன்னிப்பு வேண்டினார். சாத்தானின் வஞ்சனையே தம்மை இயக்கியது என்று அவர் காரணம் கூறியதால் அவ்வொப்புதல் முழுமையற்றது எனலாம். ஆயினும் புறத்தே பேசப்பட்ட சொல், பாதிக்கப்பட்டோரின் எதிரில் திரும்பப் பெறப்பட்டது. சபை அவரை ஏற்றுக்கொண்டது.

மாசசூசெட்ஸ் பேரவை 1711இல் பலரின் குற்றத்தீர்ப்பை நீக்கி, குடும்பங்களுக்கு 578 பவுன் 12 ஷில்லிங் இழப்பீடு வழங்க இசைந்தது. 1712 மார்ச்சில் சேலம் நகரத் திருச்சபை, ரெபேக்கா நர்ஸின் சபைநீக்கத்தைத் தன் பதிவேட்டிலிருந்து அழித்தது. அவர் இறந்து அப்போது ஏறத்தாழ 20 ஆண்டுகள் கழிந்திருந்தன.

முடிவுரை

சேலம் கிராமத்தின் வரலாற்றிலிருந்து மூன்று முடிவுகளைப் பெறலாம். முதலாவது, புறங்கூறலின் தீமை அதன் பொய்ம்மையில் மட்டும் அடங்குவதன்று. மறுமொழி கூற வேண்டியவர் இல்லாத இடத்தில் தீர்ப்பு முடிந்துவிடுவதே அதன் பெருந்தீமை. பன்றிகள் பற்றிய சச்சரவு உண்மையாக நிகழ்ந்திருக்கலாம். கதவும் உண்மையில் அறைந்து மூடியது. உரியவரிடம் வினவப்படாமையால் அவை கொலைக்கருவிகளாயின. இரண்டாவது, பிளவுண்ட சமூகத்தில் நல்லொழுக்கமும் கட்சிச் சார்புடையதாகிவிடும். மேரி சிப்லிக்குக் கிடைத்த தனிச் சந்திப்பு சாரா கிளாய்ஸுக்குக் கிடைக்கவில்லை என்பது, ஒழுங்குமுறை இருந்தும் அது அனைவர்க்கும் பொதுவாக வழங்கவில்லை என்பதைக் காட்டுகிறது. மூன்றாவது, புறத்தே பேசப்பட்டதால் விளைந்த கேடு காலத்தால் தானே ஆறுவதன்று. பெயர் சுட்டிப் பேசியவர்கள் அப்பெயரையே சுட்டி, உரியவர் முன்னிலையில் ஒப்புக்கொண்டபோதுதான் ஒப்புரவு இயன்றது. மத்தேயு 18ஆம் அதிகாரம் குற்றச்சாட்டுக்கு வகுத்த நேருக்குநேர் முறையையே மன்னிப்பும் நாடி நின்றது. ஒருவரைத் தனியே சென்று கேட்பது சில நாழிகைப் பணி. சேலம் நகரத் திருச்சபை அதனைச் செய்யாமையால் நேர்ந்த பிழையைத் தன் ஏட்டிலிருந்து நீக்க ஏறத்தாழ 20 ஆண்டுகள் பிடித்தன. ஏட்டில் சொல் அழிந்தாலும் இழந்த உயிர் மீளவில்லை.